மோன்பெலியேவும் கோயமுத்தூரும் – ஒரு மணப்பாறைக்காரனின் ஃபுட்பால் புலம்பல்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். போதாக்குறைக்கு எழுத உட்கார்ந்தா வீட்டுல "ரேஷனுக்குப் போயிட்டு வாங்க"ன்னு ஒரு குரல். அதையெல்லாம் தாண்டி இன்னைக்கு ஒரு ஃபுட்பால் பதிவு. கிரிக்கெட் மட்டும் போதும்னு நினைக்கிறவங்க இப்பவே ஜூட் விட்டுக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

மணப்பாறைன்னு சொன்னா எதிர்ல இருக்கிறவருக்கு ரெண்டே விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு முறுக்கு, இன்னொண்ணு மாட்டுச் சந்தை. முறுக்குக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. ஃபுட்பாலுக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்லை. திருச்சி பக்கம் பொன்மலை ரயில்வே மைதானத்துல, பாதிரியார் பள்ளிக்கூடங்கள்ல ஆடுவாங்க. எங்க ஊர்ல நாலு பசங்க காலைல ஒரு பந்தை வச்சு உதைச்சிட்டிருப்பாங்க, அவ்வளவுதான். ஆனா எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கயாவது ஒரு சின்ன டீம் பெரிய டீமை அடிச்சு மேல வருதுன்னு கேள்விப்பட்டா போதும், அந்த சீசன் முடியற வரைக்கும் தூக்கம் வராது.

அப்படி என் தூக்கத்தைக் கெடுத்த சீசன் ரெண்டு. ஒண்ணு பிரெஞ்சு லீக், 2011-12. இன்னொண்ணு நம்ம ஐ-லீக், 2018-19. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரே கதையை ரெண்டு தடவை எழுதின மாதிரி இருக்கும். ஆனா கதை முடிஞ்ச பிறகு நடந்தது மட்டும் வேற வேற. இந்தப் பதிவே அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான்.

*

முதல்ல பிரான்ஸ். கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கங்க.

எனக்கு பிரெஞ்சு லீக் பழக்கமானது ஒரு பாண்டிச்சேரி நண்பனால. திருச்சில காலேஜ் படிக்கும்போது ரூம்மேட். அவன் தாய்மாமா பாரிஸ்ல இருக்கார். லீவுக்கு வரும்போதெல்லாம் பிஎஸ்ஜி பனியன் ஒண்ணு வரும். அதைப் போட்டுக்கிட்டு மெஸ்ஸுக்கு வந்து அவன் பண்ற அலப்பறை தாங்காது. "உங்க இங்கிலீஷ் லீக் எல்லாம் சும்மாடா, எங்க விகாஷ் தொராசுவைத் தெரியுமா?"ம்பான். தொராசு மொரிஷியஸ் வழி வந்த இந்திய வம்சாவளிக்காரர். லியோனுக்கும் பிஎஸ்ஜிக்கும் ஆடி, 2006 உலகக் கோப்பைல பிரான்ஸ் அணியிலயும் இருந்தவர். அதனால பிஎஸ்ஜி நம்ம டீமாம். இவன் லாஜிக் அப்படி. நான் அன்னைல இருந்து, பிஎஸ்ஜிக்கு எதிரா யார் ஆடினாலும் அவங்க பக்கம்.

2011-ல கத்தார்க்காரங்க பிஎஸ்ஜியை வாங்கினாங்க. காசு கொட்டுச்சு. பஸ்டோரேன்னு ஒரு அர்ஜென்டினா பையனுக்கு மட்டும் 42 மில்லியன் யூரோ. டிசம்பர்ல டீம் பட்டியல்ல முதலிடத்துல இருக்கும்போதே கோச் கொம்புவாரேவை வீட்டுக்கு அனுப்பிட்டு, அன்செலோட்டியைக் கூட்டிட்டு வந்தாங்க. முதல்ல இருந்தாலும் வேலை போகும்னா பார்த்துக்கங்க!

இந்தப் பக்கம் தெற்கே மோன்பெலியே. (நான் "மாண்ட்பெல்லியர்"னுதான் சொல்லிட்டிருந்தேன். நண்பன் தலைல அடிச்சுக்கிட்டு, "மோன்பெலியேடா, மோன்பெலியே"ன்னு கத்துக் குடுத்தான்.) அந்த கிளப்போட மொத்த வருஷ பட்ஜெட்டே பஸ்டோரேக்குக் குடுத்த காசை விடக் கம்மி. தலைவர் லூயி நிக்கோலான். குடும்பத் தொழில் குப்பை அள்ளுறது. குண்டா, கலகலன்னு, வாயைத் திறந்தா வம்பு வர்ற மனுஷன். கோச் ரெனே ஜிரார். டீம்ல பாதிப் பேர் அங்கேயே பயிற்சி எடுத்து வளர்ந்த பசங்க: யாங்கா-ம்பிவா, பெல்ஹாண்டா, கபெல்லா, ஸ்டாம்பூலி. முன்னால ஒலிவியே ஜிரூ. அவர் மூணாவது டிவிஷன், ரெண்டாவது டிவிஷன்னு படிப்படியா ஏறி, 2010-ல தூர் அணியில இருந்து வந்தவர்.

இந்த டீம் கடைசி நாள் வரைக்கும் முதலிடத்துல நின்னுச்சு. 2012 மே 20, ஞாயித்துக்கிழமை. மோன்பெலியே 79 புள்ளி, பிஎஸ்ஜி 76. மோன்பெலியே ஓசேர்ல போய் ஆடணும். நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னெண்டரை.

2012-ல தமிழ்நாட்டுல கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சென்னையைத் தாண்டினா மணிக்கணக்குல கட். மோடத்துக்கு உயிர் இல்லை, ஃபேன் இல்லை. மொட்டை மாடில பாயைப் போட்டு, செல்போன்ல ஜிபிஆர்எஸ் வச்சு ஸ்கோர் பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டிருந்தேன். கொசு ஒரு பக்கம், நண்பனோட எஸ்எம்எஸ் ஒரு பக்கம். ஓசேர் முதல் கோல் போட்டுடுச்சு. "முடிஞ்சுது மாப்ள"ன்னு அவன்கிட்ட இருந்து மெசேஜ். கொஞ்ச நேரத்துல மோன்பெலியேவோட நைஜீரியாக்காரர் ஜான் உடாகா சமன் பண்ணிட்டார்.

அப்புறம் ஸ்கோர் பக்கம் நகரவே இல்லை. நெட்வொர்க்தான் போச்சுன்னு போனைத் தூக்கி மேல காட்டினேன், ஆட்டிப் பார்த்தேன். விஷயம் என்னன்னா, அங்க மேட்சே நின்னு போச்சு! ஓசேர் அந்த சீசன்ல கடைசி இடம். டீம் கீழே இறங்குற கடுப்புல அவங்க ரசிகர்களே டென்னிஸ் பந்து, கழிப்பறைக் காகிதச் சுருள் எல்லாம் மைதானத்துக்குள்ள வீசிட்டாங்க. மேட்ச் தடைபட்டுத் தடைபட்டு நடந்துச்சு. இதுக்குள்ள லோரியான்ல பிஎஸ்ஜி ஒரு கோல் பின்தங்கி இருந்து, திருப்பி ரெண்டு போட்டு 2-1 ஜெயிச்சிருச்சு. இனி மோன்பெலியே தோத்தா பட்டம் பாரிஸுக்கு. உடாகா இன்னொரு கோல் போட்டார். 2-1. மோன்பெலியே 82, பிஎஸ்ஜி 79. அந்த கிளப் வரலாற்றுலயே முதல் பட்டம். நிக்கோலான் சொன்ன வாக்குப்படி தலைல மொஹாக் வெட்டி, கிளப் கலரைப் பூசிக்கிட்டு ஊர்வலம் வந்தார். அறுபத்தெட்டு வயசுல!

ஜிரூ 21 கோல். பிஎஸ்ஜியோட நெனேவும் 21 கோல். இந்த 21-ஐக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க.

*

இப்ப நம்ம ஊர்.

தமிழ்நாட்டு டீம் ஒண்ணு தேசிய அளவுல மேல் டிவிஷன்ல ஆடுறது புதுசு இல்லை. முன்னால தேசிய லீக்ல இந்தியன் வங்கி ஆடுச்சு. ஆனா பட்டம்? ஊஹூம். அது பெரும்பாலும் கொல்கத்தா, கோவா, எப்பவாவது பஞ்சாப்னு சுத்திட்டிருந்த விஷயம்.

சென்னை சிட்டி எஃப்சி 2016-17-ல ஐ-லீக்குக்கு வந்துச்சு. 1946-ல நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்னு ஆரம்பிச்சதோட தொடர்ச்சி. உரிமையாளர் ரோஹித் ரமேஷ். முதல் ரெண்டு சீசன் கீழ்ப்பாதியிலதான் தட்டுத் தடுமாறிச்சு. 2017-18-ல இருந்து சொந்த மைதானம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம். பேர்ல சென்னை, ஊர் கோயமுத்தூர். அதுவும் நல்லதாப் போச்சு, எனக்கு பஸ் செலவு மிச்சம்.

2018-19-க்கு சிங்கப்பூர்ல இருந்து அக்பர் நவாஸ்னு ஒரு கோச் வந்தார். ஸ்பெயின் கீழ் டிவிஷன்கள்ல ஆடிட்டிருந்த ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. கோல் கீப்பர் சந்தானா, தடுப்புல எஸ்லாவா, நடுவுல சாண்ட்ரோ, நெஸ்டர், முன்னால பெட்ரோ மான்சி. மான்சி உருகுவேயில பிறந்த ஸ்பானியர். இந்தப் பேரையெல்லாம் யாருக்கும் தெரியாது. கூட நம்ம பசங்க: எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், பிரவிட்டோ ராஜு, ஸ்ரீராம் பூபதி. முதல் மேட்ச்சுல இந்தியன் ஏரோஸை 4-1. மான்சி ஹாட்ரிக். எனக்கு வியாதி ஆரம்பிச்சுது.

அந்த சீசன்ல ஐ-லீக் எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும். பக்கத்துலயே ஐஎஸ்எல் நடக்குது. அங்கதான் சினிமாக்காரங்க, கிரிக்கெட்காரங்க, விளம்பரம், வெளிச்சம் எல்லாம். நம்ம சென்னையின் எஃப்சி அதுல முந்தின வருஷ சாம்பியன். இங்க ஐ-லீக்ல பாதி சீசனுக்கு மேல எல்லா மேட்ச்சும் டிவியில வரவே இல்லை. ஆனா ஆட்டம்னு பார்த்தா இங்கதான் சூடு. ஸ்ரீநகர்ல இருந்து ரியல் காஷ்மீர் முதல் தடவை வந்து மூணாவது இடம் பிடிச்சுது. நூறு வருஷத்தை நெருங்கிட்டிருந்த ஈஸ்ட் பெங்கால், தேசிய லீக்ல 2003-04-க்கு அப்புறம் ஒரு பட்டம் கூட இல்லாம ஏங்கிட்டிருந்துச்சு. அதுக்கும் மேல நம்ம ஆளுங்க. அதே சமயம் ஐஎஸ்எல்ல சென்னையின் பட்டியல்ல கடைசி!

கடைசிக்கு முந்தின மேட்ச்லயே முடிஞ்சிருக்கணும். சர்ச்சில் பிரதர்ஸ்கிட்ட 2-3-னு தோத்து, கடைசி நாளுக்கு இழுத்துட்டாங்க. சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. 2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோயமுத்தூர்ல மினர்வா பஞ்சாபோட மேட்ச். மினர்வா முந்தின வருஷ சாம்பியன், ஆனா அந்த வருஷம் பட்டியல்ல அடிப்பக்கம். அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் கேரளாவோட ஈஸ்ட் பெங்கால்.

டிவில பார்க்க மனசு வரலை. அக்கா பையனைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன். அவன் அப்ப ஒன்பதாவது. இடது கால் பையன், லெஃப்ட் பேக் ஆடுவான். "பரீட்சை நேரத்துல என்னடா ஃபுட்பால், நீயும் கெட்டு அவனையும் கெடுக்குற"ன்னு அக்கா கத்திக்கிட்டே புளிசாதம் கட்டிக் குடுத்துச்சு. விடியக்காலைல மணப்பாறைல பஸ் ஏறி, திருச்சி சென்ட்ரல்ல இறங்கி, கோவை பஸ். குளித்தலை, கரூர், காங்கேயம்... இருநூறு கிலோமீட்டருக்கு மேல. வழி முழுக்க, "மாமா, டிரா ஆனா என்ன ஆகும்? ஈஸ்ட் பெங்கால் டிரா பண்ணா என்ன ஆகும்?"னு கணக்கு. கணக்குப் பரீட்சைக்கு அவன் அவ்வளவு கணக்கு போட்டிருக்க மாட்டான்.

ஸ்டேடியத்துக்கு வெளியே கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க, பக்கத்துல வ.உ.சி. பூங்கா. உள்ளே போய் உட்கார்ந்தா மூணாவது நிமிஷமே மினர்வா கோல். ரோலண்ட் பிலாலா. எங்களைச் சுத்தி ஒரு அமைதி. பின்னால ஒரு பெரியவர், "எல்லாம் நம்ம ராசி"ன்னார். இடைவேளைல பையன் புளிசாதத்தைத் தொடவே இல்லை. அடுத்த பாதில மான்சி பெனால்டி. 1-1. அடுத்து கௌரவ் போரா, அஸ்ஸாம்காரப் பையன், தடுப்பாட்டக்காரர், ஒரு கோல். 2-1. ஆனா உட்கார முடியலை. கோழிக்கோட்டுல கோகுலம் முதல்ல போட்டுச்சு, ஈஸ்ட் பெங்கால் திருப்பி ரெண்டு போட்டு முன்னேறிடுச்சுன்னு ஒவ்வொருத்தர் போன்லயும் சேதி. இங்க ஒரு கோல் வாங்கினா பட்டம் போச்சு. கடைசில போரா இன்னொண்ணு. 3-1. விசில்.

சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒத்தைப் புள்ளி. தேசிய லீக், ஐ-லீக்னு ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் தமிழ்நாட்டு டீம் ஒண்ணு பட்டம் வாங்கினது அன்னைக்குத்தான் முதல் தடவை. முன்ன பின்ன தெரியாத ஆளுங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த "ராசி" பெரியவர் என் தோள்ல தட்டி, "சொன்னேன்ல!"ங்கிறார். என்ன சொன்னீங்க சாமி :-)

மான்சி 21 கோல். சர்ச்சிலோட வில்லிஸ் பிளாசாவும் 21 கோல். ஞாபகம் இருக்கா? ஜிரூ 21, நெனே 21. ரெண்டு சீசன்லயும் கடைசி நாள். ரெண்டுலயும் ஜெயிக்க வேண்டியவங்க முதல் கோலை வாங்கி, அப்புறம் திருப்பி அடிச்சாங்க. ரெண்டுலயும் துரத்தினவங்களும் பின்தங்கி இருந்து 2-1 ஜெயிச்சாங்க. ராத்திரி பஸ்ல பையன் ஜன்னல்ல தலை சாய்ச்சுத் தூங்க, நான் பாண்டிச்சேரி நண்பனுக்கு இதையெல்லாம் மெசேஜா டைப் பண்ணிட்டு வந்தேன். "உனக்கு வேற வேலையே இல்லையாடா"ன்னு பதில் வந்துச்சு.

*

இதுவரைக்கும் சந்தோஷக் கதை. இனிமே கொஞ்சம் சீரியஸ்.

மோன்பெலியே பட்டம் வாங்கின மறு மாசமே ஜிரூவை ஆர்சனல் தூக்கிட்டுப் போச்சு. அடுத்தடுத்து மத்தவங்களும் போனாங்க. சின்ன கிளப்னா அதுதான் விதி. அடுத்த வருஷமே பட்டியல்ல இறங்கிட்டாங்க. ஆனா கிளப் நின்னுச்சு. பட்டத்துக்கு அப்புறம் 13 வருஷம் மேல் டிவிஷன்லயே ஆடுனாங்க. 2017-ல நிக்கோலான் இறந்த பிறகு மகன் பொறுப்பு எடுத்துக்கிட்டார். 2024-25-ல கடைசி இடம், ரெண்டாவது டிவிஷனுக்கு இறக்கம். வேடிக்கை என்னன்னா, அதே சீசன்ல ஓசேர் மேல் டிவிஷன்ல இருந்துச்சு! அன்னைக்கு டென்னிஸ் பந்து எறிஞ்சு அழுத ஊர், ஏறி, இறங்கி, திரும்ப ஏறி 2024-ல மேல வந்துடுச்சு. அன்னைக்கு ஜெயிச்சவங்க கீழே, தோத்தவங்க மேலே.

நம்ம கதையிலயும் அன்னைக்குத் தோத்தவங்க மேலதான். அந்த மினர்வா பஞ்சாபைப் பின்னாடி ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்கி, 2022-23 ஐ-லீக்ல ஜெயிச்சு, அடுத்த சீசன் ஐஎஸ்எல்லுக்கு ஏறிடுச்சு. பஞ்சாப் எஃப்சின்னு ஆடுறாங்களே, அவங்கதான். சரி, ஜெயிச்சவங்க?

2019 ஏப்ரல்ல சூப்பர் கப்ல, அந்த வருஷ ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரு எஃப்சியையே சென்னை சிட்டி 2-1-னு அடிச்சுது. அதுக்கு மேல நிரூபிக்க என்ன இருக்கு? சுவிட்சர்லாந்தோட பாசெல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்குச்சு. எல்லாம் கூடி வர்ற மாதிரிதான் இருந்துச்சு. 2019 அக்டோபர்ல ஐஎஸ்எல்தான் நாட்டோட முதல் லீக்னு ஆசியக் கூட்டமைப்பு திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துடுச்சு. ஏழு மாசம் முன்னால ஐ-லீக் சாம்பியன் ஆனவங்க, ஒரு மீட்டிங்ல ரெண்டாவது டிவிஷன் ஆயிட்டாங்க. ஒரு மேட்ச் கூடத் தோக்காம!

2020 ஜனவரில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. பஹ்ரைனோட ரிஃபாகிட்ட 0-1. சொந்த மண்ணுல ஆட்டம்னு பேரு, நடந்தது அகமதாபாத்துல. மான்சி ஜப்பானுக்குப் போயிட்டார். மார்ச்ல சென்னையில ஏஎஃப்சி கப்ல மாலத்தீவு மாசியாவோட 2-2 டிரா. அதோட கொரோனா வந்து அந்தப் போட்டியே ரத்து. நம்ம பசங்க ஐஎஸ்எல் பக்கம் போனாங்க. ரொமாரியோ கோவாவுக்கு, எட்வின் சென்னையினுக்கு, அஜித் பெங்களூருக்கு. தப்பே சொல்ல மாட்டேன், அவங்க வாழ்க்கை. 2020-21 ஐ-லீக் முழுக்க கொல்கத்தா பக்கம் பூட்டின கதவுக்குள்ள நடந்துச்சு. சென்னை சிட்டி கீழ்ப்பாதி. 2021-22 சீசனுக்கு 13 அணிகள் பட்டியல் வந்துச்சு. நானும் மேல இருந்து கீழே, கீழே இருந்து மேல ரெண்டு தடவை தேடினேன். சென்னை சிட்டி பேர் இல்லை. சாம்பியன் ஆகி மூணு வருஷம் கூட முடியலை.

*

இதுக்கு கிளப் நடத்தினவங்களை மட்டும் திட்டிட்டுப் போயிடலாம். சுலபம். உள் விவகாரம் எனக்குத் தெரியாது, அதனால அந்தப் பக்கம் போகலை. ஆனா வெளியில இருந்து எல்லாருக்கும் தெரியுற விஷயம் ஒண்ணு இருக்கு. அது ஏணி.

பிரான்ஸ்ல பட்டியல்ங்கிறது ஏணி. கடைசில வந்தா ஒரு படி இறங்கணும், கீழே ஜெயிச்சா ஒரு படி ஏறலாம். நிக்கோலான் பணக்காரரா, கத்தார் பணக்காரரான்னு ஏணி கேட்காது. (காசுக் கணக்கு சரியில்லைன்னா மட்டும் கேட்கும். 2024-ல போர்தோ மாதிரி பெரிய கிளப்பே கடன்ல விழுந்து நாலாவது டிவிஷனுக்குப் போச்சு. ஆனா பாருங்க, அதுக்கும் நிக்க அங்க ஒரு படி இருந்துச்சு.) ஜிரூ மூணாவது, ரெண்டாவது, முதல்னு ஏறி 2018-ல உலகக் கோப்பையையே தூக்கினதும் அதே ஏணிலதான்.

இங்க 2017-ல ஐஸ்வால், 2018-ல மினர்வா, 2019-ல சென்னை சிட்டின்னு வரிசையா மூணு சின்ன கிளப்புங்க ஐ-லீக்கை ஜெயிச்சுது. உலகத்துல வேற எங்கயாவது நடந்திருந்தா கொண்டாடியிருப்பாங்க. இந்த மூணு பேருக்கும் ஜெயிச்சதுக்குப் பரிசா மேல போக ஒரு படி கூட இல்லை. மேல இருந்த வீட்டுக்குள்ள போகணும்னா கோடிக்கணக்குல கட்டணம். ஐ-லீக்ல ஜெயிச்சா ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம்னு விதி நடைமுறைக்கு வந்ததே 2022-23-லதான். அதுல ஏறின முதல் டீம்தான் பஞ்சாப், அடுத்தது முகமதன். ஏணி வந்தப்ப, ஏற வேண்டிய ஆளே இல்லை.

இதுக்கு முன்னாடி ஜேசிடி, மஹிந்திரா யுனைடெட்னு பெரிய கம்பெனி டீமுங்களே இழுத்து மூடினதைப் பார்த்த நாடு இது. ஜேசிடி 1996-97-ல முதல் தேசிய லீக் சாம்பியன். 2011-ல மூடிட்டாங்க. அவங்களுக்காவது பின்னால மில் இருந்துச்சு. சென்னை சிட்டிக்கு இருந்தது புள்ளிப் பட்டியல் மட்டும்தான். அதை வச்சு யாரு விளம்பரம் குடுப்பா, யாரு டிவில காட்டுவா?

"ஒரு கிளப் போனா என்ன, ஆளுங்கதான் ஐஎஸ்எல்லுக்குப் போயிட்டாங்களே"ன்னு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நந்தகுமார் சேகர் சென்னை சிட்டில ஆடினவர்தான். 2023 ஆகஸ்ட்ல டூரண்ட் கோப்பை டெர்பில மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஒத்தை கோலைப் போட்டு, கொல்கத்தாவுல பாதிப் பேரைத் தூங்க விடாம பண்ணினார். கன்னியாகுமரி மைக்கேல் சூசைராஜும் இதே வழில போனவர்தான். சரிதான். நானும் அதைத்தான் சொல்றேன். அவங்க மிதிச்சு ஏறின படியைத்தான் எடுத்துட்டாங்க. அடுத்தவன் எதுல கால் வைப்பான்?

அக்கா பையன் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒருநாள் வந்து கேட்டான். "மாமா, பதினெட்டு வயசுக்குக் கீழ ட்ரையல்ஸ்னா எந்த டீமுக்குப் போறது?" கொஞ்ச நாள் முன்னால கேட்டிருந்தா "கோயமுத்தூர்"னு சட்டுனு சொல்லியிருப்பேன். காலைல பஸ் ஏறினா மத்தியானம் போய்ச் சேரலாம். அன்னைக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லாம இருந்தேன். அப்புறம் சென்னை, பெங்களூரு, கோவான்னு பேர் சொன்னேன். "அங்கல்லாம் தங்கிப் பார்க்கணும்னா எவ்வளவு ஆகும் மாமா?"ன்னான். அக்கா அடுப்படில இருந்து எட்டிப் பார்த்துச்சு. பேச்சு அதோட நின்னுச்சு.

அவன் பெரிய ஆட்டக்காரனா வந்திருப்பான்னு நான் சொல்ல வரலை. பத்தாயிரத்துல ஒருத்தன் வருவான். ஆனா மீதி 9,999 பேர் ஆசைப்பட்டு ஆடினாதானே அந்த ஒருத்தன் வருவான்? அந்த ஆசைக்கு பஸ் டிக்கெட் எடுக்குற தூரத்துல ஒரு ஊர் வேணும். மோன்பெலியே சுத்துவட்டார கிராமத்துப் பையனுக்கு, டீம் ரெண்டாவது டிவிஷனுக்குப் போனாலும் அந்த ஊர் அங்கேயே இருக்கு. எங்களுக்கு ரெண்டரை வருஷம் இருந்துச்சு, அப்புறம் இல்லை.

இப்ப அவன் திருச்சில ஒரு கடைல அக்கவுண்ட்ஸ் பார்க்குறான். ஞாயித்துக்கிழமை செவன்ஸ் ஆடுவான். காலைல எங்க ஊர் மைதானத்துல அந்த நாலு பசங்க இப்ப பதினஞ்சு ஆயிருக்காங்க, அவங்களுக்குப் பந்து போடுறான். போன வாரம் பார்த்தேன், ஒரு பொடியன் இடது காலால மட்டும் உதைக்கிறான். "வலதும் பழகுடா"ன்னு இவன் கத்திட்டிருந்தான். "நீ பழகினியா?"ன்னு கேட்டேன். முறைச்சான்.

அந்தப் பொடியன் இன்னும் அஞ்சு வருஷத்துல ட்ரையல்ஸ் எங்கன்னு கேட்பான். அதுக்குள்ள தமிழ்நாட்டுல சென்னைக்கு வெளியே, ஊர் பேரைச் சொல்லிக்கிற ஒரு கிளப் தேசிய லீக்ல எந்தப் படியிலயாவது நிக்கணும். பட்டம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல நிக்கட்டும்.

டிஸ்கி 1: அன்னைக்கு கோயமுத்தூர் ஸ்டேடியத்துல இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு பின்னூட்டம் போடுங்க. "ராசி" பெரியவரைத் தெரிஞ்சா அவருக்கும் சொல்லுங்க.

டிஸ்கி 2: புளிசாதம் கரூர் தாண்டினதுக்கு அப்புறம் ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிட்டோம். கெட்டுப் போகலை. அக்கா கை அப்படி.

டிஸ்கி 3: மோன்பெலியே திரும்ப மேல வரும்போது பாண்டிச்சேரி நண்பனுக்கு மணப்பாறை முறுக்கு ரெண்டு பாக்கெட் அனுப்புறதா பந்தயம். அவன் இப்பவே முகவரி அனுப்பிட்டான்.